மரத்துப்போன உதடும் ‘பாதிப் பணம்’ கடிதமும்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. கீழ்த்தாடையில் வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு 90 ஆயிரம் கட்டி இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்வேர்) வைத்தோம். ஒன்று ஆடுகிறது. வைத்த நாள் முதல் அந்தப் பக்கத்து உதடும் மோவாயும் மரத்துக் கிடக்கின்றன. காபி வழிந்தாலும் தெரிவதில்லை. ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்டு, ரத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். ‘போகப்போகச் சரியாகும்’ என்றே 14 மாதம் ஓட்டிவிட்டார்கள். ரிசப்ஷனில் அவமரியாதை வேறு. இப்போது ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் பாதிப் பணம் தருகிறார்களாம். போலீசுக்குப் போகலாமா? — நாமக்கல் வாசகர்

போலீஸை விடுங்கள். நீங்கள் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். டாக்டர் மீது கிரிமினல் வழக்கு நிற்க வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரிசப்ஷனில் பேசிய பேச்சுக்கு அங்கே ஒரு ரூபாய் கிடைக்காது. ஆடும் இம்ப்ளான்ட்டையும் முன்னால் வைக்காதீர்கள். சர்க்கரையால் எலும்பு பிடிக்கவில்லை என்பார்கள், அப்படி நடப்பதும் உண்டு. ஒழுங்காக வைத்ததே சில நேரம் தோற்கும். தோற்றதை வைத்து மட்டும் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் வழக்கு அந்த உதட்டில்தான் இருக்கிறது. கீழ்த்தாடை எலும்புக்குள், உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பின் பாதை ஒரு குழாய் போல ஓடுகிறது. அதற்கு மேலே குறைந்தது 2 மில்லிமீட்டராவது விட்டு இம்ப்ளான்ட் திருகை நிறுத்துவதுதான் வழக்கம். துளை போடும் முன் சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் படம்) எடுத்து அளந்தார்களா? இது ஒன்றுதான் கேள்வி. ‘மரத்துப் போகலாம்’ என்று சம்மதப் படிவத்தில் இருந்து அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். அளக்காமல் துளைப்பதற்கு யாரும் சம்மதம் கொடுப்பதில்லை.

இனி, என்னிடம் வருபவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடம். வலியும் கோபமும் தாங்காமல் வேறு டாக்டரிடம் போய் இம்ப்ளான்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்புறம் வழக்குப் போட வருகிறார்கள். திருகு எங்கே இருந்தது என்று காட்ட ஒரு படம்கூட இருக்காது. கழற்றிய டாக்டர் வாயால் ‘நரம்பைத் தொட்டிருக்கு’ என்பார், எழுதித் தரச் சொன்னால் நழுவுவார். அதோடு வழக்கு முடிந்தது. வைத்தியத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. கழற்றும் முன் சிபிசிடி எடுங்கள். அந்தப் படத்தோடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டி, உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து ஓபி சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய திருகையும் கேட்டு வாங்கி வையுங்கள். நரம்புப் பாதைக்குள் திருகு நிற்பது படத்தில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய கிளினிக்கில் கேஸ் ஷீட், எக்ஸ்ரே நகல்களைப் பதிவுத் தபாலில் இன்றே கேளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு 2 வருடம். அதை இம்ப்ளான்ட் வைத்த தேதியிலிருந்தே எண்ணுங்கள். 10 மாதம்தான் மிச்சம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கணக்கு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. ‘சரியாகிவிடும்’ என்று டாக்டர் சொன்னதை நம்பி இருந்தோம் என்பதைத் தாமதத்துக்குக் காரணமாகக் காட்டலாம், ஆனால் அதை ஏற்பது ஆணையத்தின் விருப்பம்.

அந்தக் கடிதத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற ஒரு வரி உள்ளே இருக்கும். 45 ஆயிரத்துக்காக உதட்டுக்கான நஷ்டஈட்டையும் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

அதற்காகச் சமாதானமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சமாதானம்தான் உங்களுக்கு நல்லது. புகாரை 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் வருடக்கணக்கில் இழுக்கும், மேல்முறையீடு தனி. ஸ்கேன் கைக்கு வந்ததும் பேசுங்கள். முழுப் பணம், கழற்றும் செலவு, நரம்புச் சிகிச்சைச் செலவு, அதற்கு மேல் உதட்டுக்கென்று ஒரு தொகை. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து. ஸ்கேனில் திருகு நரம்பை விட்டுத் தள்ளி நின்றால், அவர்கள் தரும் பாதியை வாங்கிக்கொண்டு அப்பாவின் வைத்தியத்தைப் பாருங்கள்.