பன்னெண்டு வயசுப் பொண்ணு மாத்திரை எண்ணக் கூடாது

கேள்வி: என் பையனுக்கு 16 வயசு. எட்டு மாசமா கஞ்சா பழக்கம், இப்ப ரெண்டு மாசமா ஏதோ மாத்திரையும் போடுறான். லேட்டா வரான், கேட்டா கத்துறான், மார்க்கெல்லாம் போச்சு. அவங்க அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவாரு. நல்லவேளையா என் சின்னப் பொண்ணு ரொம்பப் பொறுப்பு, 12 வயசுதான் ஆகுது. அவன் குளிக்கப் போனதும் பையை செக் பண்ணிட்டு "அம்மா, நேத்து எட்டு மாத்திரை இருந்துச்சு, இன்னைக்கு அஞ்சுதான் இருக்கு"ன்னு வந்து சொல்லிடுவா. அவன் வர்ற வரைக்கும் தூங்கவே மாட்டா. லீவுல பையனை ரெண்டு மாசம் வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சா விட்டுடுவானா? — பெயர் வேண்டாம்

பதில்:

பூட்டி வைக்கிறதைப் பத்தி அப்புறம் பேசுவோம், முதல்ல அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வாங்க.

"நல்லவேளை"ன்னு எழுதிருக்கீங்க. எதும்மா நல்லவேளை? பன்னெண்டு வயசுப் புள்ளை, அண்ணன் பாத்ரூம் கதவு சாத்துற சத்தத்துக்குக் காத்திருந்து, திருட்டுத்தனமா ஜிப்பைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி, அதே இடத்துல வச்சுட்டு வந்து உங்ககிட்ட கணக்கு சொல்லுது. அந்தக் கணக்கை வாங்கிட்டு நீங்க என்ன பண்றீங்கன்னு லெட்டர்ல ஒரு வரி கூட இல்லை. எட்டு அஞ்சாச்சு, நாளைக்கு ரெண்டாகும், அப்புறம்? கேட்டுக்கிட்டு சும்மா இருக்கீங்க, புருஷன்கிட்ட சொல்லலை, டாக்டர்கிட்ட போகலை, பையன்கிட்ட நேரா பேசுன மாதிரியும் தெரியலை. அவ மறுநாளும் போய் எண்ணுறா. இதுக்குப் பேரு பொறுப்பு இல்லை. பெரியவங்க யாரும் எடுத்துக்காத பயத்தை அந்தக் குழந்தை தூக்கிட்டு அலையுது, தூக்கத்தையும் விட்டுட்டு.

இந்த மாதிரி லெட்டர் எனக்கு நிறைய வந்திருக்கு. எல்லாத்துலயும் வீட்டுல ஒரு அமைதியான இன்னொரு குழந்தை இருக்கும், அதைப் பத்தி ஒரே ஒரு வரி இருக்கும், அதுவும் பெருமையா. அந்த ஒரு வரியைப் படிக்கும்போதுதான் எனக்குக் கோவம் வரும்.

யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு அவ எண்ணிட்டு இருக்கும்போது அவன் பாத்துட்டா அடி வாங்கப் போறது யாரு? அதுக்கப்புறம் அந்த வீட்டுல அவனுக்கு மனசு விட்டுப் பேச ஒரு ஆள் கூட இருக்காது, தங்கச்சியும் உளவாளி ஆயிட்டா. இன்னொண்ணும் இருக்கு, அதைச் சொல்லாம விட முடியாது. வீட்டுல மூத்த புள்ளை போதைப்பொருள் எடுத்தா சின்னதுக்கும் அந்த ஆபத்து கூடும், இது பல ஆய்வுகள்ல பாத்த விஷயம். ஆரம்பிக்கிற வயசு குறையக் குறைய பிற்காலத்துல அடிமையாகுற வாய்ப்பும் ஜாஸ்தி. ஏன்னா அவசரத்தை அடக்குற, பின்விளைவை யோசிக்கிற மூளைப் பகுதி இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வளந்துட்டே இருக்கு, அதுக்குள்ள போற எதுவும் ஆழமாப் பதியும். அப்படிப்பட்ட வயசுல, தினமும் மாத்திரையைக் கையில எடுத்துப் பாக்குற வேலையைக் குடுத்து வச்சிருக்கீங்க. ஒரு நாள் "இதுல அப்படி என்னதான் இருக்கு"ன்னு அவளுக்குத் தோணாதுன்னு நினைக்கிறீங்களா?

இன்னைக்கே கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லுங்க: "இனிமே நீ அண்ணன் பையைத் தொட வேண்டாம். இது அம்மா அப்பா வேலை. உன்னைப் பண்ண விட்டது என் தப்பு. நீ எங்களைக் காட்டிக் குடுக்கவும் இல்லை, அவனைக் காட்டிக் குடுக்கவும் இல்லை. பத்து மணிக்குத் தூங்கு." அதோட, அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு அவ கேட்டா மழுப்பாதீங்க, உடம்புக்கும் மனசுக்கும் வந்த ஒரு நோய், வைத்தியம் பாக்கப் போறோம்னு அவளுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க. அப்புறம் வாரத்துல கொஞ்ச நேரமாவது அவன் பேச்சே எடுக்காம அவகூட மட்டும் இருங்க. இந்த எட்டு மாசத்துல அவகிட்ட நீங்க அவ ஸ்கூலைப் பத்தி எத்தனை தடவை கேட்டிருப்பீங்க?

இப்ப அப்பா. "அடிச்சே கொன்னுடுவாரு"ன்னு எழுதிட்டு அதைக் காரணமாக் காட்டி எட்டு மாசம் ஓட்டிட்டீங்க. பெத்தவங்க ரெண்டு பேர் சுமக்க வேண்டியதை ஒருத்தர் மறைக்க ஆரம்பிச்சா, மிச்சப் பாதி குழந்தைங்க தலையிலதான் விழும், உங்க வீட்டுல விழுந்திருக்கு. என்னைக் கேட்டா அப்பாவுக்குத் தெரியாம இதைச் சரி பண்ணவே முடியாது. அவர் நிஜமாவே கை நீட்டுற ஆளுன்னா தனியா சொல்லாதீங்க, பையன் வீட்டுல இல்லாத நேரமா, அவர் மதிக்கிற ஒரு பெரியவரை பக்கத்துல வச்சுக்கிட்டு, இல்லைன்னா டாக்டர் ரூம்ல வச்சே சொல்லுங்க. அடியால போதை விட்ட புள்ளை கிடையாது, அடியால வீட்டை விட்டுப் போன புள்ளைங்க உண்டு. அதையும் டாக்டர் வாயாலேயே அவருக்குச் சொல்ல வையுங்க.

ஐஸ்லாந்துல 1998-ல 15, 16 வயசுப் பசங்கள்ல 42 சதவீதம் பேர் அதுக்கு முந்தின ஒரு மாசத்துல குடிச்சு போதையானதா சொன்னாங்க. 2016-ல அது 5 சதவீதம். கஞ்சா, சிகரெட்டும் கூடவே நல்லா குறைஞ்சுது. "போதை கெட்டது"ன்னு பசங்ககிட்ட லெக்சர் அடிச்சு இதைச் சாதிக்கலை. பசங்களுக்கு விளையாட்டு, பாட்டுன்னு சாயங்காலத்தை நிரப்புனாங்க, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் வெளிய இருக்கலாம்னு சட்டம் வச்சாங்க, முக்கியமா பெத்தவங்களைக் கூப்பிட்டு புள்ளைங்களோட தினமும் நேரம் செலவு பண்ணுங்க, அவங்க ஃப்ரெண்ட்ஸ் யாருன்னு தெரிஞ்சு வைங்க, மத்த பெத்தவங்களோட ஒரு ஒப்பந்தம் போட்டுக்கோங்கன்னு கேட்டாங்க. பாக்குற வேலை, விசாரிக்கிற வேலை எல்லாம் பெரியவங்ககிட்ட இருந்துச்சு.

சரி, பூட்டி வைக்கலாமான்னு கேட்டீங்க. கூடாது. அதுவும் உங்க பையன் விஷயத்துல கண்டிப்பா கூடாது, காரணம் அந்த மாத்திரை. வெறும் கஞ்சான்னா நிறுத்துனா ஒரு வாரம் தூக்கம் வராது, பசிக்காது, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுவான், பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல அடங்கும். ஆனா தூக்க மாத்திரை, பதட்டத்துக்குக் குடுக்கிற மாத்திரை வகையா இருந்து, தினமும் போட்டுப் பழகிட்டு திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அதை டாக்டர் சொல்ற அளவுல படிப்படியாதான் குறைக்கணும். ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்யுற வலி மாத்திரைன்னா வேற ஆபத்து: ரெண்டு மாசம் பூட்டி வச்சு வெளிய விட்டீங்கன்னா உடம்பு பழைய அளவைத் தாங்காது, அவன் பழைய அளவையே போடுவான், மூச்சு நின்னுடும். நிறைய சாவு இப்படி நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிக்கும்போதுதான் நடக்குது.

அதனால அந்த அட்டைல இருக்கிற பேரைப் பாத்துக் குறிச்சுக்கோங்க. நீங்க பாருங்க, உங்க கையால. மனநல மருத்துவர்கிட்ட, முடிஞ்சா வளரிளம் பசங்களைப் பாக்குறவர்கிட்ட அந்தப் பேரைச் சொல்லுங்க. அவர் போதையை மட்டும் பாக்க மாட்டார், அதுக்கு அடியில மனச்சோர்வு இருக்கா, பதட்டம் இருக்கா, கவனக்குறைபாடு இருக்கான்னும் பாப்பார், ஏன்னா அதை விட்டுட்டு இதை மட்டும் வைத்தியம் பண்ணா நிக்காது. இந்த வயசுக்கு நல்லா வேலை செய்யுற சிகிச்சைகள்ல குடும்பத்தையே சேத்து உக்கார வச்சுப் பண்றதும் ஒண்ணு. கூப்பிட்டா நீங்க ரெண்டு பேரும் போகணும். "அவனை மட்டும் சரி பண்ணிக் குடுங்க"ன்னு விட்டுட்டு வரக் கூடாது.

அவன்கிட்ட பேசுறதுன்னா போதைல வந்து நிக்கிற ராத்திரில வேண்டாம். காலையில, தெளிவா இருக்கும்போது, சுருக்கமா: "உன் பையில மாத்திரை இருக்குறதை நான் பாத்தேன். நானும் அப்பாவும் பயந்துபோயிருக்கோம். செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போறோம்." தங்கச்சி பேரே வரக் கூடாது. யார் சொன்னான்னு கேட்டா நான்தான் பாத்தேன்னு சொல்லுங்க, அது உண்மையா இருக்கணும்னா முதல்ல நீங்க பாக்கணும். பழைய கதை, மார்க், சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க, எதுவும் வேண்டாம். அவன் தெளிவா வீட்டுல இருக்கிற நாள்ல கூட உக்காந்து சாப்பிடுங்க, பேசுங்க. போதைல வர்ற நாள்ல சண்டையும் வேண்டாம், சேவையும் வேண்டாம், பாதுகாப்பா இருக்கானான்னு மட்டும் பாருங்க.

பாதுகாப்புன்னா இது: எழுப்பி எழுப்பியும் எந்திரிக்கலை, மூச்சு ரொம்ப மெதுவா இருக்கு, தொண்டையில கொறகொறன்னு சத்தம், உதடு நீலம், இதுல எது இருந்தாலும் "தூங்கித் தெளியட்டும்"னு விடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, மூச்சு நின்னுட்டா ஃபோன்ல அவங்க சொல்ற முதலுதவியை அப்படியே செய்யுங்க, என்ன மாத்திரைன்னு மறைக்காம சொல்லுங்க. ராத்திரி முழிச்சிருந்து இதைப் பாக்க வேண்டியது நீங்களும் உங்க வீட்டுக்காரரும், மாத்தி மாத்தி.

நிறுத்திட்டுத் திரும்ப ஒரு தடவை எடுத்தா எல்லாம் போச்சுன்னு தலையில அடிச்சுக்காதீங்க. சிகிச்சை எடுக்கிறவங்கள்ல 40 முதல் 60 சதவீதம் பேருக்கு இப்படி நடக்குது. அன்னைக்கே டாக்டருக்குத் தெரியப்படுத்துங்க, திட்டத்தை மாத்துவார்.

டாக்டர் அவன்கிட்ட தனியா பேசணும்பார், வெளிய போய் உக்காருங்க. உள்ள என்ன பேசுனான்னு துருவாதீங்க. வீட்டுக்கு வந்து "அண்ணன்கிட்ட நைசா கேட்டுப் பாரேன்"னு சின்னவளை அனுப்பவும் அனுப்பாதீங்க.