நோட் வாசிக்கத் தெரிந்தவர் புளூட் பழக எந்தத் தொடக்கப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் கோயிலில் ஓர்கன் வாசிப்பவர். ஐந்து கோட்டில் சுரங்களை எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் ஒரு வெஸ்டர்ன் புளூட் அனுப்பியிருக்கிறார். திருகோணமலையில் பக்கத்தில் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. நோட் தெரியும் என்றபடியால் தொடக்கப் புத்தகத்தைத் தாண்டி, நேரே அடுத்த நிலைப் புத்தகத்தை வாங்கலாமா என்று கேட்கிறார்.

தாண்ட வேண்டாம். கண் ஓடுகிற வேகத்துக்கு உதடு வராது. நானும் உப்புவெளிப் பக்கம்தான், கீபோர்டிலிருந்து புளூட்டுக்கு வந்தவன். நோட் தெரிந்து வருகிற பிள்ளைகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தாளம் பிசகாது, நோட் பிசகாது, ஆனால் சத்தத்தில் பாதி வெறும் காற்று. ஆகவே புத்தகத்தைத் தேர்வு செய்யும்போது, வாய்க்கும் விரலுக்கும் அது என்ன சொல்லித்தருகிறது என்று பாருங்கள். நோட்டேஷன் பாடங்கள் எப்படி இருந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது அமெரிக்கப் பள்ளி பாண்ட் வகுப்புகளுக்கு எழுதிய புத்தகங்கள். கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் சேர்ந்து ஒரே சுரத்தை ஊத வேண்டும் என்று கணக்குப் பண்ணி எழுதியவை அவை. அதனால் பெரும்பாலும் பி ஃப்ளாட் மேஜரைச் சுற்றித்தான் தொடங்கும். புளூட்காரருக்கு முதல் பாடத்திலேயே மேல்கோட்டு எஃப், ஈ ஃப்ளாட், டி என்று இரண்டு கையும் வேலை செய்ய வேண்டிவரும். அந்த டி-யிலிருந்து கீழே சி-க்கு இறங்கும்போது அநேகமாக எல்லா விரலும் ஒரேயடியாக மாறும். குழல் கையில் உருளும், உதட்டை விட்டு நழுவும். வகுப்பில் ரீச்சர் பக்கத்தில் நின்று பிடித்துவிடுவார். தனியாகப் பழகுகிறவருக்கு அது வீண் தலையிடி. போதாததற்கு, பாதிப் பக்கம் ஒரு நோட்டுக்கு எத்தனை எண்ணிக்கை என்ற விளக்கத்துக்கே போய்விடும்.

புளூட்டுக்கென்றே எழுதிய புத்தகங்கள் வழக்கமாக பி, ஏ, ஜி என்று தொடங்கும். இடது கை விரல்களுக்கு மட்டும்தான் வேலை. வலது கை குழலைத் தாங்கிக்கொண்டு, சின்ன விரலை ஈ ஃப்ளாட் கீயில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். உங்களுக்கு நான் சொல்வது டிரெவர் வை எழுதிய தொடக்கப் புத்தகம். இரண்டு பாகம், முதல் பாகம் இப்போதைக்குக் காணும். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும் துண்டுகள் அதில் உண்டு, பியானோ பக்கவாத்தியம் தனிப் புத்தகமாகக் கிடைக்கும். ஓர்கன்காரருக்கு வேறென்ன வேண்டும்? விலை குறைவாக வேண்டுமென்றால் ரூபாங்க் எலிமென்டரி மெத்தட். விளக்கம் கொஞ்சம், பயிற்சி நிறைய, வேகமாக நகரும். நோட் தெரிந்த பெரியவர்களுக்கு ஒத்துவரும், ஆனால் வாய் வைக்கும் முறையை வேறெங்காவது வீடியோவில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சுப் புளூட் மேதைகளான மார்செல் மொய்ஸின் 1934ஆம் ஆண்டுப் புத்தகம், தஃபனெல், கோபேர் இருவரின் 1923ஆம் ஆண்டுப் பயிற்சிப் புத்தகம் என்றெல்லாம் யாராவது சொல்வார்கள். அருமையான புத்தகங்கள். இப்போது வாங்கினால் அலுமாரியில்தான் கிடக்கும்.

எந்தப் புத்தகமானாலும் வாங்கும் முன் உள்பக்க மாதிரியைத் திறந்து, தலைத்துண்டை, அதாவது வாய் வைத்து ஊதும் மேல்துண்டை, மட்டும் வைத்து ஊதும் பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். முனையை உள்ளங்கையால் அடைத்து ஊதினால் ஏறக்குறைய இரண்டாம் இடைவெளி ஏ வரும், திறந்து ஊதினால் அதற்கு ஓர் ஒக்டேவ் மேலே, அதாவது அடுத்த ஏ வரும். ஓர்கனில் அந்த ஏ-யை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழகிய காது உங்களுக்குக் கைகொடுக்கிற இடம் இது. சத்தம் ஆடாமல் நிற்கும்வரை மற்றத் துண்டுகளைப் பெட்டியிலேயே விடுங்கள். தலை சுற்றினால் உட்காருங்கள், ஆரம்பத்தில் எல்லாருக்கும் சுற்றும்.

அப்புறம் விரல் அட்டவணை. மூன்றாம் ஒக்டேவ் வரை முழுதாக இருக்க வேண்டும். கீழ் ஒக்டேவும் நடு ஒக்டேவும் பெரும்பாலும் ஒரே விரல்கள், ஆனால் நடு டி-க்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் இடது சுட்டுவிரலை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டாலும் ஏதோ ஒரு சத்தம் வரும், மங்கலாக. அதனால் தனியாகப் பழகுகிறவர் பிழையைக் கவனிப்பதே இல்லை. இதை நல்ல புத்தகம் அந்தப் பாடத்திலேயே அழுத்திச் சொல்லும். பி ஃப்ளாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விரல் முறை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

நோட் தெரியும் என்கிறீர்கள், சரி. கீதப் புத்தகத்தில் சொப்ரானோ, அதாவது மேல்குரல், மேல்கோட்டு எஃப்-ஐத் தாண்டுவது அபூர்வம். பியானோவில் மிக மேலே போனால் ஒக்டேவ் குறி போட்டுக் கோடுகளைக் குறைத்துவிடுவார்கள். புளூட்டில் அந்தச் சலுகை அநேகமாகக் கிடையாது. மேலே மூன்று, நான்கு சின்னக் கோடுகள் போட்டு அப்படியே எழுதுவார்கள். அங்கே நீங்களும் எண்ணிப் பார்த்துத்தான் வாசிப்பீர்கள். இன்னொன்று, ஸ்லர், அதாவது நோட்டுகளைச் சேர்த்துப் போடும் வளைகோடு. ஓர்கனில் அது சேர்த்து வாசி என்று சொல்லும். புளூட்டில் முதல் நோட்டுக்கு மட்டும் நாக்கு, மிச்சத்துக்கு நாக்கு வைக்காதே என்று அர்த்தம். நாக்குப் பயிற்சிக்குத் தனிப் பாடம் இல்லாத புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

வாசிக்கும்போது மின்விசிறிக்கு நேரே நிற்காதீர்கள். உதட்டிலிருந்து போகிற காற்றை அது கலைத்துவிடும். கச்சான் காற்று வீசும் நாளில் கடற்கரையில் வாசிக்கும் ஆசையும் வேண்டாம், ஒரு சத்தமும் வராது. நம் வெயிலுக்குக் குழல் சூடாகிச் சுருதி ஏறும். ஓர்கனோடு வாசிக்கும்போது தலைத்துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் இப்போதைய பதிப்புகள் சிலவற்றில் ஒலிப்பதிவுக்கு ஒரு கோட் அச்சிட்டிருப்பார்கள், அதை முந்தியவர் பாவித்திருந்தால் உங்களுக்குத் திறக்காமல் போகலாம். கொழும்பிலிருந்து எடுப்பிப்பதாக இருந்தால் காசு அனுப்பும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.