ரத்தத்தில் நஞ்சை உறிஞ்சும் பாலிமர்: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

வணக்கம் அம்மா.

நீட் வேண்டாம், ரத்தத்திலிருந்து நஞ்சை எடுக்கும் பாலிமர் ஜெல்லைத்தான் படிப்பேன் என்று மகள் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பிழைப்பு உண்டா என்பது உங்கள் கவலை. உண்டு. ஆனால் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிட்டால் அந்த வேலை கிடைப்பது கடினம்.

முதலில் வேலை என்னவென்று பாருங்கள். டயாலிசிஸில் யூரியா போன்ற சிறு மூலக்கூறுகள் சுலபமாக வெளியேறிவிடும். இண்டாக்சில் சல்பேட் போன்ற நஞ்சுகள் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அவ்வளவு எளிதில் வராது. அப்படிப்பட்டவற்றைப் பிடிக்கத்தான் துளைகள் நிறைந்த பாலிமர் மணிகளைத் தேடுகிறார்கள். கடும் அழற்சியில் ரத்தத்தில் பெருகும் சைட்டோகைன்களை (அழற்சியைத் தூண்டும் புரதங்களை) எடுக்க ஐரோப்பாவில் 2011-இல் அனுமதி பெற்ற சைட்டோசார்ப் குடுவையிலும் இருப்பது ஸ்டைரீன்–டைவினைல்பென்சீன் வகை மணிகள்தான்.

ஆய்வகத்தில் இதைச் செய்ய ஸ்டைரீன், டைவினைல்பென்சீன் என்ற மோனோமர்கள் (பாலிமராக இணையும் சிறு மூலக்கூறுகள்), துளை உண்டாக்க டொலுயீன், வினையைத் தொடங்க மோனோமர் எடையில் சுமார் 1 சதவீதம் பென்சாயில் பெராக்சைடு ஆகியவற்றைக் கலந்து, பாலிவினைல் ஆல்கஹால் கரைத்த நீரில் ஊற்றி, 70–80 டிகிரியில் பல மணி நேரம் கலக்குவார்கள். கலக்கும் வேகம் குறைந்தால் மணி பெருத்துவிடும். கூடினால் தூள் விழும். அந்தத் தூள் ரத்தத்தோடு திரும்பிப் போனால் நுரையீரல் நாளங்களை அடைக்கும். சரியாகக் கழுவாமல் மிஞ்சும் மோனோமர் செல்களைக் கொல்லும். துளை சிறுத்தால் நஞ்சு உள்ளே போகாது. பெருத்தால் 66,500 டால்டன் எடையுள்ள அல்புமினே நுழைந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே ரத்தத்துக்கு ஒத்துப்போகும் பூச்சு இல்லையென்றால் தட்டணுக்கள் ஒட்டி, ரத்தம் உறையும். எல்லாம் சரியாக வந்தாலும், நோயாளிக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கையும் அதே மணி விழுங்கக்கூடும்.

ஆக, இது அடிப்படையில் வேதியியல் வேலை. பயோமெடிக்கல் என்ற பெயரைப் பார்த்து மட்டும் சீட் எடுக்காதீர்கள். பல கல்லூரிகளில் அந்தப் பாடத்திட்டத்தில் மின்னணுவியலும் சிக்னலும்தான் அதிகம். பாலிமர் ஓரிரு தாளோடு முடிந்துவிடும். என் பரிந்துரை பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி.; சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பாலிமர் அறிவியல் துறையே இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத் தேர்வு எழுதலாம். பொறியியல்தான் என்றால் கெமிக்கல், அல்லது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர்–பிளாஸ்டிக் தொழில்நுட்பம், அடுத்தது முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வு. பிறகு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடத்தில் பிஎச்.டி. செய்யலாம். நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் ரூ.37,000 வரும், வீட்டுக்குப் பாரமில்லை.

ஆராய்ச்சி மட்டுமே வழி என்றில்லை. 2017 மருத்துவக் கருவி விதிகள் வந்தபின் பரிசோதனை, ஆவணப் பணிகளுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. கருவி ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 10993-4 தரநிலையைக் கையாளத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால் பி.எஸ்சி. டயாலிசிஸ் தொழில்நுட்பம் இருக்கிறது. மரியாதையான வேலை. ஆனால் அது நோயாளிக்கு அருகில் நின்று கருவியை இயக்கும் வேலை. ஜெல் தயாரிப்பது அல்ல. இந்த வித்தியாசத்தை மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

அவள் பத்தாம் வகுப்பு என்றால், பதினொன்றில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுக்கட்டும். எந்தக் கதவும் மூடாது. கல்லூரி பார்க்கப் போகும்போது துறைத் தலைவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இறுதியாண்டு மாணவர்கள் பாலிமரைத் தாங்களே தயாரிக்கிறார்களா, துளையின் அளவை எந்தக் கருவியில் அளக்கிறார்கள்? ஈர ஜெல்லை வெறுமனே காயவைத்தால் துளைகள் சுருங்கி அளவு தப்பாக வரும், உறைய வைத்து உலர்த்த வேண்டும் என்று அவரே சொன்னால் அங்கே உண்மையாக வேலை நடக்கிறது, தயங்காமல் சேருங்கள்.