திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். அட்டவணையில் ஒரு மணி நேரம் அளவில் போட்டிருப்பார்கள். வானில் இருப்பது அதைவிடக் குறைவு. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

வரைபடத்தில் தேடினால் கிடைப்பதற்கு இவ்வளவு நீளப் பதிலா என்று கேட்கப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இந்த வழியில் போகிறவர்கள் கல்யாண வீட்டுக்கோ செத்தவீட்டுக்கோ நோயாளியைப் பார்க்கவோதான் போகிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். 2017 மாரியில் அண்ணா இறந்த செய்தி வந்தபோது யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு விமானம் இல்லை. கொழும்பு விமானத்தைப் பிடித்து, கட்டுநாயக்காவில் இறங்கி, வாடகை வேன் பேசி, அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று இரவு முழுக்க ஓடினோம். ஆனையிறவில் விடிந்தது. நான் வந்து சேருவேனா என்று தெரியாமல், மழையும் விடாததால், முதல்நாள் பின்னேரமே எடுத்துவிட்டார்களாம். முற்றத்தில் பந்தலின் கீழே பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. கீரிமலையில் அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, நின்றேன், அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு, தீவின் முக்கால்வாசியைச் சுற்றிப் போனால் வேறு எப்படி முடியும்?

இந்த விமான வழி ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் விமான நிறுவனம் தன் முதல் பயணத்தையே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து, பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு நடத்தியது. பிறகு போர் வந்து எல்லாவற்றையும் அடைத்தது. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. திருச்சியிலிருந்து 2025 மார்ச் இறுதியில்தான். நான் எந்த விமான நிறுவனத்துக்கும் ஆள் பிடிக்கவில்லை; டிக்கெட் விலை அதிகம் என்று நீங்கள் சொன்னால் நானும் சேர்ந்து சொல்வேன்.

ஓடுபாதை சிறியது என்பதால் ஏடிஆர் 72 என்ற சிறிய விசிறி விமானம்தான் வருகிறது. பின்கதவால் ஏறி இறங்க வேண்டும். யாழ்ப்பாணத்தை நெருங்கும்போது கீழே ஆழமில்லாத பச்சைக் கடல், மணல் திட்டுகள், உடனே சிவந்த மண்ணும் பனையும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அந்த நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து 1990இல் போரில் வெளியேற்றப்பட்ட சனத்தில் எல்லாருக்கும் காணி (நிலம்) திரும்பக் கிடைக்கவில்லை. எங்கள் மாமியின் தோட்டக் காணியும் வேலிக்கு உள்ளே கிடக்கிறது. காணி உறுதிப் பத்திரம் கையில் இருக்கிறது, கால் வைக்க முடியாது. விமானம் விட்டவர்கள் இதையும் பார்க்க வேண்டாமா?

பலாலியிலிருந்து யாழ் நகருக்கு 17 கிலோமீட்டர் அளவில் வரும். வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லிவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் விமானம் தாமதமாகலாம், ரத்தும் ஆகலாம். அன்றைக்கே இன்னொன்று கிடைக்கும் என்று நம்பாதீர்கள். நாள் குறித்த காரியம் என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.