பாலைச் செடிகளும் மரபணு மார்க்கர்களும்: கேட்டவை, சொன்னவை

விருத்தாசலத்திலிருந்து: எங்கள் விருத்தகிரீஸ்வரர் கோயில் தலமரம் வன்னி. ராஜஸ்தான் பாலையில் இருப்பதும் இதேதானா? டி.என்.ஏ. எடுத்தால் வித்தியாசம் தெரியுமா?

அதே இனம்தான். அங்கே கேஜ்ரி என்பார்கள். அந்த மாநிலத்தின் மரமும் அதுவே. ஆனால் ஒற்றைக் கோயில் மரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இடத்துக்கு 20, 30 மரமாவது வேண்டும், அதுவும் தள்ளித் தள்ளி. வன்னி வேரிலிருந்தும் முளைக்கும். பக்கத்துப் பக்கத்தில் இலை பறித்தால் ஒரே மரத்தை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

லாஸ்பேட்டை, முதுகலை மாணவி: ஆர்.ஏ.பி.டி. போதுமா, எஸ்.எஸ்.ஆர். வேண்டுமா சார்?

இரண்டும் மரபணு மார்க்கர்கள், அதாவது செடிக்குச் செடி டி.என்.ஏ. எங்கே வேறுபடுகிறது என்று காட்டும் அடையாளங்கள். ஆர்.ஏ.பி.டி. 1990இல் வந்தது. பத்து எழுத்துப் பிரைமர் (டி.என்.ஏ. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) போதும், செடியின் மரபுத்தொடர் முன்கூட்டித் தெரிய வேண்டாம், செலவும் கம்மி. பாலைச் செடிகளில் அது அவ்வளவு புழங்கியதற்குக் காரணம் இதுதான். ஆனால் இன்றைக்கு ஜெல்லில் (டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் கூழ்) வந்த பட்டை வேறு மெஷினில் வராமல் போகும். பட்டை உண்டா இல்லையா என்பது மட்டுமே தெரியும். தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் ஒன்றா வேறா என்பது தெரியாது. எஸ்.எஸ்.ஆரில் அது தெரியும். காசு இடித்தால், எஸ்.எஸ்.ஆர். தொடர்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பார்க்கும் ஐ.எஸ்.எஸ்.ஆர். செய்யுங்கள். வெறும் ஆர்.ஏ.பி.டி.யை நம்பி இன்று ஆய்வேடு எழுதச் சொல்ல மாட்டேன்.

நெய்வேலி: மரபணு வேற்றுமை அதிகமிருந்தால் செடி வறட்சியைத் தாங்குமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த மார்க்கர்களில் பெரும்பாலானவை எந்தக் குணத்தோடும் நேரடித் தொடர்பில்லாதவை.

சிதம்பரம்: டி.என்.ஏ. பழுப்பாக, வழவழவென்று வருகிறது. பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) ஓடவே இல்லை.

இலையில் உள்ள பாலிபீனாலும் பிசினும் செய்யும் வேலை அது. முற்றிய இலையை விட்டுவிட்டுத் தளிர் எடுங்கள். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சி.டி.ஏ.பி. பஃபரில் உப்பைக் கூட்டி, பழுப்பாவதைத் தடுக்க பி.வி.பி.யும் பீட்டா மெர்காப்டோஎத்தனாலும் சேருங்கள். அப்புறமும் ஓடாவிட்டால் டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். தடுக்கிற சரக்கும் சேர்ந்து நீர்த்துவிடும். இலையை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் வைத்திருக்கிறீர்களா? நம் கடற்கரை ஈரத்தில் டப்பா சரியாக மூடாவிட்டால் நீலமணிகள் சீக்கிரமே இளஞ்சிவப்பாகிவிடும். உடனே மாற்றுங்கள்.

பண்ருட்டி, நாட்டு மருந்துக் கடைக்காரர்: மருந்துப் பிசின் தரும் குக்குலுச் செடி அழிகிறதாமே. விதை போட்டுப் பெருக்கினால் சரியாகாதா?

செடி பெருகும், வேற்றுமை பெருகாது. ராஜஸ்தான், கட்ச் பக்கம் வளரும் இந்தச் செடி மகரந்தம் சேராமலேயே விதை பிடிக்கக்கூடியது. அப்படி வரும் கன்று தாயின் நகல். ஒரே தாயின் விதையை ஊரெல்லாம் நட்டால், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். எந்தெந்தத் தாய்ச்செடி உண்மையிலேயே வேறு என்று மார்க்கர் வைத்துப் பிரித்தெடுத்து, அவற்றிலிருந்து விதையும் போத்தும் எடுக்க வேண்டும்.