பிஜிக்குப் போனால் கையில் ரொக்கம் வேண்டுமா, கார்டு போதுமா?

இரண்டும் வேண்டும். அங்கே புழங்குவது பிஜி டாலர். விடுதிகளிலும் பெரிய கடைகளிலும் கார்டு செல்லும். சந்தை, கிராமம் என்றால் ரொக்கம்தான். நாண்டி (ஆங்கிலத்தில் Nadi என்று எழுதுவார்கள்), சுவா போன்ற ஊர்களில் ஏடிஎம் உண்டு. யசாவா பக்கத்துச் சிறு தீவுகளுக்குப் படகு ஏறுகிறவர்கள் முன்பே எடுத்துக்கொள்வது நல்லது. அப்புறம், ஐந்து, பத்து டாலர் தாள்களாக மாற்றி வையுங்கள். நூறு டாலரை நீட்டினால் சந்தைக்காரம்மா சில்லறைக்கு எங்கே போவார்?

சந்தையில் தராசு அதிகம் பார்க்க முடியாது. தக்காளி, கத்தரிக்காய், மிளகாய் எல்லாம் கூறு கட்டி வைத்திருப்பார்கள், நம்மூர் வாரச்சந்தை மாதிரியே. கூறுக்கு இவ்வளவு என்று அட்டையில் எழுதியிருக்கும், அங்கே பேரம் பேசாதீர்கள். நினைவுப்பொருள் கடையில் தாராளமாகப் பேசலாம். தெருவில் பேச்சுக் கொடுத்து, உங்கள் பெயரைக் கேட்டு, மரக்கத்தியில் செதுக்கிவிட்டுப் பணம் கேட்பவர்களும் உண்டு. பெயரைச் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள்.

கிராமத்துக்குப் போகிறீர்களா? சந்தையிலேயே ஒரு கட்டு யங்கோனா வேர் வாங்கிக்கொள்ளுங்கள். கவா பானம் தயாரிக்கும் வேர் அது. ஊர்த் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்பது முறை. காசு நீட்டுவது அதற்கு ஈடாகாது. டிப்ஸ் கட்டாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வாங்க வேண்டியதைச் சனிக்கிழமை காலையிலேயே வாங்கிவிடுங்கள்.