மச்சில் கிடக்கும் எலக்ட்ரோலக்ஸ் ஓடுமா?

கேள்வி: கொழும்பில் கடை வைத்திருந்த என் தாத்தா 1950களில் ஊருக்குக் கொண்டுவந்த எலக்ட்ரோலக்ஸ் வாக்யூம் கிளீனர், அம்பாசமுத்திரம் வீட்டு மச்சில் பல வருஷமாகக் கிடக்கிறது. உருளை வடிவம், அடியில் இரண்டு சறுக்குப் பட்டைகள். ஹோஸ் நொறுங்குகிறது, வயர் விறைத்துவிட்டது. ஓட வைக்க முடியுமா? பெயின்ட் அடித்துப் புதுசாக்கிவிடலாமா? இதுபோல இன்னும் சிலவற்றைச் சேர்க்கவும் ஆசை.

பதில்: ஓட வைக்கலாம். பெயின்ட் மட்டும் வேண்டாம். முதல் வேலையாக, அதன் பிளக்கைக் கழற்றி எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வருகிற யாராவது "ஓடுதான்னு பார்ப்போமே" என்று சொருகிவிடுவார்கள். இம்மாதிரி மோட்டார்கள் பெரும்பாலும் புகைவது மச்சிலிருந்து இறக்கிய அன்றைக்குத்தான்.

உங்களிடம் இருப்பது எலக்ட்ரோலக்ஸ் 1921இல் 'மாடல் வி' என்று கொண்டுவந்த வடிவத்தின் வாரிசு. தரையில் சறுக்கி இழுத்துப் போகிற உருளை அப்போதுதான் வந்தது. உள்ளே இருப்பது யுனிவர்சல் மோட்டார், நம் வீட்டு மிக்ஸியில் இருக்கிற அதே வகை. ஏசியிலும் ஓடும், டிசியிலும் ஓடும். பெயர்த்தகட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 220 அல்லது 230 என்றிருந்தால் நம் கரண்ட் போதும். 110, 120 என்றிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது.

அந்தக் கால வயரில் ரப்பர்தான் இன்சுலேஷன். ஓட்டுக்கு அடியில், மச்சுச் சூட்டில் இத்தனை வருஷம் கிடந்த ரப்பர், வளைத்தால் பொரிந்து கொட்டும். வெளி வயரை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் இடையே போகிற துண்டு வயர்களை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவற்றையும் மாற்ற வேண்டும். பழைய வயரில் எர்த் கிடையாது, உங்கள் மிஷினோ உலோக உடம்பு. மூன்று கோர் வயர் போட்டு, பச்சையை உடம்போடு இறுக்கமாகச் சேருங்கள். பழைய வயரைத் தூர எறியாமல் சுருட்டிப் பத்திரப்படுத்துங்கள். சேகரிப்பவர்களுக்கு அதுவும் ஒரு உருப்படி. மோட்டார் பக்கத்தில் சிறிய கண்டென்சர் ஒன்று இருந்தால், ரேடியோவில் இரைச்சல் வராமலிருக்க வைத்தது அது. யோசிக்காமல் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் மோட்டார். தூசிப் பையைத் திண்ணையில் வைத்து உதறாமல், முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெட்டவெளியில் திறங்கள். மோட்டாரைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, ஒரு மரப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு ஒரு நாள் முழுக்க வையுங்கள். பல்பு மோட்டாரைத் தொடக் கூடாது. காயிலில் ஏறிய ஈரம் போகும். பிறகு பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி ஜங்ஷனிலோ காயில் கட்டுகிற கடையில் 500 வோல்ட் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று இன்சுலேஷனைச் சோதிக்கிற கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால் மேலே போகலாம். காட்டாவிட்டால் இன்னொரு நாள் காயவைத்துப் பாருங்கள். "பழசு சார், மொத்தமா புதுக் காயில் கட்டிடலாம்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். பழைய சுற்று நன்றாக இருக்கும்போது அதைப் பிரிப்பது வீண் செலவு.

சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் கட்டைகளைக் கழற்றும்போது எந்தப் பக்கம், எந்த முகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்யூட்டேட்டரின் (கார்பன் உரசுகிற, செம்புப் பட்டைகள் கொண்ட உருளை) வளைவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கிற கார்பனைத் திருப்பிப் போட்டால் பொறி பறக்கும். மாற்ற வேண்டியிருந்தால் அதே அளவு கிடைக்காது. சற்றுப் பெரிய கார்பனை வாங்கி, உறைக்குள் தாராளமாக வழுக்கும்படி அரத்தால் ராவிக்கொள்ளலாம். கம்யூட்டேட்டரில் சாக்லேட் நிறத்தில் பளபளப்பாக ஒரு படலம் இருந்தால் அது அழுக்கு இல்லை, அப்படியே இருக்கட்டும். கறுத்துக் கரடாக இருந்தால் மட்டும் மிக நைஸான கண்ணாடித் தாளால் (கண்ணாடித் தூள் ஒட்டிய உப்புத்தாள்) லேசாகத் தேய்க்கலாம். எமரித் தாள் கூடாது. அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் ஷார்ட்.

பேரிங் குண்டு வகையென்றால் இறுகிப்போன கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸை மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் வையுங்கள். வெண்கலப் புஷ் என்றால் சுற்றியுள்ள ஃபெல்ட்டில் மெல்லிய மிஷின் ஆயில் நான்கைந்து சொட்டு. தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. நாளடைவில் அது பிசினாகி, மோட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் பூட்டியபின் முதல் ஓட்டம் நேரடி லைனில் வேண்டாம். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே மோட்டாருக்குப் போகும்படி போடுங்கள். பல்பு எரிந்து, மோட்டார் மெல்ல அசைந்து சுற்ற, பல்பு சற்று மங்கினால் சரி. பல்பே எரியாவிட்டால் கார்பன் படவில்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. பல்பு எரிந்தும் மோட்டார் அசையாவிட்டால் கையால் சுற்றிப் பாருங்கள். சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் மறுபடி மெக்கர் கடைக்கு. காற்றை உறிஞ்சுகிற உள் ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் முழுக் கரண்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். சுமை இல்லாவிட்டால் இந்த மோட்டாரின் வேகம் எகிறிக்கொண்டே போகும்.

இதை வைத்தே இன்னொன்றும் புரிந்துகொள்ளலாம். ஹோஸ் வாயைக் கையால் அடைத்தால் சத்தம் கீச்சென்று உயரும். மோட்டார் திணறுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் அது வேகமெடுக்கிறது. ஆனால் பழைய மிஷினில் மோட்டாரைக் குளிரவைப்பதும் அதே காற்றுதான். பை அடைத்த நிலையில் ஓட்டினால் காயில் வெந்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் நம் வீடுகளில் படிகிற புழுதியையும், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணையும் இதை வைத்து உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். மாதம் ஒரு தடவை, சில நிமிடம் ஓட்டினால் போதும்.

நொறுங்கிய ஹோஸைச் சரிசெய்ய முடியாது. அதைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, புது ஹோஸ் வாங்கி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பொருத்துங்கள். தூசிப் பையை நெருக்கமான பருத்தித் துணியில் இரட்டையாகத் தைத்துக்கொள்ளலாம்.

பெயின்ட் விஷயம். உரிந்த இடம் உரிந்தபடியே இருக்கட்டும். ஈரத்துணி, துளி சோப்பு, மேலே மெழுகு, அவ்வளவுதான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூள் கிளப்ப வேண்டாம். பேக்கலைட் பிடிகளைச் சொரசொரப்பான எதனாலும் தேய்க்காதீர்கள். மேல் பளபளப்பு போனால் திரும்பாது. பெயர்த்தகட்டுக்குப் பாலீஷ் போட்டு எழுத்தை அழித்தால், வாங்க வருகிறவர் கைவிரித்துவிடுவார்.

சேர்க்கும் ஆசைக்கு ஒரு யோசனை. வெளிநாட்டு மிஷினைத் தேடி அலைவதற்கு முன், யூரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனியின் 1980களின் யூரோகிளீன் வாக்யூம் கிளீனர் ஒன்றை எடுங்கள். 1982இல் யூரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கியதே எலக்ட்ரோலக்ஸோடு கூட்டு வைத்துத்தான், ஆகவே உங்கள் தாத்தாவின் மிஷினுக்கு அது உறவுமுறை. வீடு வீடாக வந்து விற்றதால் திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை வீடுகளில் இன்னும் அட்டைப்பெட்டியோடு தூங்குகிறவை இருக்கும். பழைய இரும்புக்கடையிலும் சொல்லிவையுங்கள். பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், மோட்டாரைவிட மூக்குக் குழாய்களைத்தான் (நாஸில்) முதலில் எண்ணுங்கள். மோட்டாரைச் சரிசெய்ய ஆள் உண்டு, தொலைந்த நாஸிலுக்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. உங்கள் மச்சிலும் இன்னொரு முறை ஏறித் துழாவுங்கள், அதன் நாஸில்கள் தனியாக ஒரு பெட்டியில் இருக்கக்கூடும்.